பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க! மரச் சிற்பம் கைவேலையா... மெஷின் வேலையா? கண்டுபிடிப்பது எப்படி?

குன்னம்:
புது வீடு கட்டி முடிச்சாச்சு. கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறிச்சாச்சு. பூஜை ரூமுக்கு ஒரு மரப் பிள்ளையார், வாசல் நிலைக்கு மேலே ஒரு கஜலட்சுமி வாங்கி வைக்கணும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. வெளிநாட்டில் பாடுபட்டு சம்பாதித்த காசில் இதற்கென்று தனியாக எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் கடைக்குப் போய் நின்றால் தலை சுற்றுகிறது. எல்லா சிலையும் பளபளவென்று மின்னுகிறது. எது உளி பிடித்து செதுக்கியது, எது மெஷினில் வந்தது, எது அச்சில் வார்த்தது என்று பார்த்தவுடன் தெரிவதில்லை. வியாபாரி வாயால் சொல்வதை மட்டும் நம்பினால், கைவேலைக்கு உண்டான விலையைக் கொடுத்துவிட்டு மெஷின் வேலையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இத்தனைக்கும் நல்ல மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஊர் நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

பக்கத்திலேயே இருக்கு அரும்பாவூர்

வேப்பந்தட்டை தாலுகாவில் பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூர், தழுதாழை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மரச் சிற்ப வேலை நடக்கிறது. சாமி சிலை, கோயில் வாகனம், தேர் சிற்பம், வேலைப்பாடு கதவு என்று எல்லாம் செய்கிறார்கள். வாகை, தூங்குமூஞ்சி, மா, வேம்பு போன்ற மரங்களில் வேலை நடக்கும்.

அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்த வட்டாரத்தில் இந்த முறையில் செய்த பொருளுக்கு மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடியும். வேறு எங்கோ மெஷினில் செய்ததை 'அரும்பாவூர் சிற்பம்' என்று விற்பது சட்டப்படி தப்பு.

இந்த சிற்பத்தின் தனிச்சிறப்பு, ஒரே மரக்கட்டையில் கையால் செதுக்குவது. கட்டையைக் காய வைத்து, உருவம் வரைந்து, வாச்சியால் சுற்றிலும் செதுக்கித் தள்ளி, கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி உருவத்தைக் கொண்டு வருவார்கள். கடைசியில்தான் அரம், உப்புத்தாள், பாலிஷ். கடைசியாகச் செய்கிற இந்த பாலிஷைத்தான் நம்ம ஆட்கள் முதலில் பார்க்கிறார்கள். ஏமாறுவதும் அங்கேதான்!

பாலிஷைப் பார்க்காதே... பள்ளத்தைப் பார்!

சிற்பத்தில் கஷ்டமான இடம் மேல்பக்கம் இல்லை. உள்பக்கம்தான். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள சந்து, மாலைக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் என்று உளி போவதற்கே சிரமமான இடங்கள் இவை. அவசர வேலையில் இந்த இடமெல்லாம் தட்டையாக, அடைத்த மாதிரி இருக்கும். மாலை நெஞ்சில் ஒட்டி வரைந்த கோடு மாதிரி தெரியும். நல்ல வேலையில் மாலை உடம்பை விட்டு எழும்பி நிற்கும். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்.

அப்படியே சிலையைத் திருப்பி முதுகைப் பாருங்க. முன்னால் அலங்காரம் செய்துவிட்டு, பின்னால் வெறும் பலகையாக விட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

காட்டிக் கொடுக்கும் செல்போன் டார்ச்

செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல், சிலையின் பக்கவாட்டில் படுக்கப் பிடித்து அடிங்க. கண்ணுக்குத் தெரியாத கோடெல்லாம் நிழலாக எழும்பி வரும்.

சி.என்.சி. என்னும் கம்ப்யூட்டர் மெஷினில் கூரான பிட் சுற்றிக்கொண்டே மரத்தைச் சீவிக்கொண்டு போகும். அது போன தடம் ஒரே இடைவெளியில், ஒரே திசையில் வரிவரியாக விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பள்ளத்துக்குள் அந்த வரி மிச்சம் இருக்கும். உளித் தடம் அப்படி இருக்காது. ஒவ்வொரு வெட்டும் ஒரு நீளம், ஒரு ஆழம்.

சாதாரண மெஷினில் பிட் மேலிருந்து கீழேதான் இறங்கும். வளைந்து அடிப்பக்கம் நுழையாது. அதனால் பள்ளத்தின் மூலைகள் மொழுக்கென்று உருண்டையாக இருக்கும். உளி பட்ட மூலை கூர்மையாக இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கு. அதே சிலையில் இன்னொன்று எடுத்துக் காட்டச் சொல்லுங்க. இரண்டும் நூல் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அது மெஷின் வேலை அல்லது அச்சு வார்ப்பு. கைவேலையில் ஜோடி யானைக்குக்கூட சின்ன வித்தியாசம் இருக்கும். ரெசினில் வார்த்த சிலை என்றால் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரியலாம். மர ரேகையும் உள்ளே ஓடாது, மேலே பூசியதாக இருக்கும்.

முகம் சரியா? நூல் போட்டுப் பாருங்க

சிற்ப சாஸ்திரத்தில் உருவத்தை 'தாளம்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இது டேப்பில் உள்ள இஞ்ச் கிடையாது. சிலையின் உயரத்தைப் பிரித்து எடுக்கும் பங்கு. நவதாள சிலை என்றால் 9 தாளம், 108 அங்குலம். அதில் முகம் ஒரு தாளம். கிரீடம் இந்தக் கணக்கில் சேராது.

நெற்றி முடியிலிருந்து தாடை வரை ஒரு நூலால் அளந்து, அதை வைத்து முழு உயரத்தையும் அளந்தால் கிட்டத்தட்ட 9 தடவை வரும். 5, 6 தடவையிலேயே முடிந்துபோனால், தலை பெருத்து கால் குட்டையாகிப் போச்சு என்று அர்த்தம். பிள்ளையார் இந்தக் கணக்கில் வர மாட்டார். அவருக்கு 5 தாளம்தான், குள்ள உருவம்.

நேராக நிற்கும் சாமி சிலை என்றால், உச்சந்தலையிலிருந்து நூல் தொங்கவிட்டால் மூக்கு நுனி, தொப்புள், இரண்டு பாதங்களுக்கு நடுமத்தி என்று ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்க. கண் பிசகினால் மற்ற அலங்காரம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மரமே சரியில்லைன்னா வேலை எல்லாம் வீண்

சரியாகக் காயாத மரத்தில் செய்த சிலை, வாங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒரு கோடை தாண்டினால் விரிசல் விடும். அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பாருங்க. விரிசல் அங்கேதான் சுலபமாகத் தெரியும். அதே அளவுள்ள மற்ற சிலையைவிட ரொம்ப கனமாக, தொட்டால் சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை என்று சந்தேகப்படலாம்.

மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்திருந்தால், பாலிஷ் அந்த இடத்தில் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். கை, ஆயுதம் போன்றவை ஒட்டு வேலையா என்று மர ரேகையைப் பார்த்தாலே தெரிஞ்சு போகும். ரேகை உடம்பிலிருந்து கைக்குத் தொடர்ந்து ஓடினால் ஒரே கட்டை. பாதியில் திசை மாறினால் ஒட்டு. பொடிப் பொடியாக மாவு கொட்டினால் வண்டு இருக்கு, வாங்காதீங்க.

பில் வாங்குங்க, மறக்காதீங்க

வாங்கும்போது பில்லில் என்ன மரம், கைவேலையா மெஷின் வேலையா, ஒரே கட்டையா ஒட்டு வேலையா என்று எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர யோசித்தால் நீங்களும் யோசிங்க. நேராக அரும்பாவூர் பட்டறைக்கே போய், பாலிஷ் போடாத சிலையைப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. பாலிஷ் இல்லாத மரத்தில் எதையும் மறைக்க முடியாது. தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் கைவினைப் பொருட்கள் கிடைக்கும்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் வழக்கு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

மெஷின் வேலை கெட்டது என்று அர்த்தம் இல்லை. குறைந்த விலைக்கு ஒரு கதவு வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் மெஷின் வேலையை கைவேலை விலைக்கு விற்கும்போது நஷ்டம் இரண்டு பேருக்கு. ஒருவர் காசு கொடுத்தவர். இன்னொருவர், அதே பிள்ளையாரை நாள் கணக்கில் உட்கார்ந்து உளியால் செதுக்கி வைத்துவிட்டு, விலை கட்டுப்படியாகாமல் நிற்கும் தொழிலாளி. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் அந்தத் தொழிலாளியின் உழைப்புக்கு விலை கிடைக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.