கணையப் புற்றுநோய்: வயிறு ஸ்கேன் 'நார்மல்' என வந்தாலும் சி.டி. ஏன் தேவை? ஸ்டேஜ் எப்படி முடிவாகிறது?

கோவா முதல்வராக இருந்த மனோகர் பாரிக்கர், 2019 மார்ச் 17-ல் கணையப் புற்றுநோயால் 63 வயதில் உயிரிழந்தார். இந்த நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிய வருகிறது. அதற்கு முக்கியக் காரணம், கணையம் இருக்கும் இடம்!

அல்ட்ராசவுண்டில் ஏன் தப்புகிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இரைப்பை, குடலில் உள்ள காற்று ஒலி அலைகளைத் தடுத்துவிடும். நாமக்கல் மாவட்டம் காளப்பநாயக்கன்பட்டி போன்ற கொல்லிமலை அடிவார ஊர்க்காரர்கள், டவுனுக்குப் போய் வயிறு ஸ்கேன் எடுத்து 'ஒண்ணும் இல்லை'னு நிம்மதியாகத் திரும்புவது உண்டு. ஆனால், 'கணையம் முழுமையாகத் தெரியவில்லை' என ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால், அது நார்மல் என்று அர்த்தம் இல்லை.

எப்போது உஷாராக வேண்டும்?

* வலியில்லாமல் வரும் மஞ்சள் காமாலை
* முதுகு வரை பரவும் மேல்வயிற்று வலி
* காரணமே இல்லாமல் எடை குறைவது
* 50 வயதுக்கு மேல் திடீர்னு வரும் சுகர்

காமாலைதானேன்னு கீழாநெல்லி குடிச்சு நாட்களைக் கடத்துவது ஆபத்து.

சி.டி. ஸ்கேனில் என்ன தெரியும்?

நரம்பில் மருந்து செலுத்தி, சுமார் 45 நொடியில் ஒருமுறை, 70 நொடியில் மறுமுறை படம் எடுப்பார்கள். முதல் படத்தில் கணையம் வெளுப்பாகவும், கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் தெரியும். இரண்டாவது படத்தில் கல்லீரலில் பரவல் இருக்கிறதா எனப் பார்ப்பார்கள். காமாலைக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டால் அந்த இடம் தெளிவாகத் தெரியாது. எனவே முடிந்தவரை சி.டி. முதலில், ஸ்டென்ட் பிறகு.

கல்லீரலில் சந்தேகமான சிறு புள்ளிகளுக்கு எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். எண்டோஸ்கோபி முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்தி, கட்டியிலிருந்து சதை எடுத்தும் சோதிப்பார்கள்.

ஸ்டேஜ் என்றால் என்ன?

* ஸ்டேஜ் 1: கணையத்துக்குள் மட்டும், 4 செ.மீ. வரை
* ஸ்டேஜ் 2: 4 செ.மீ.க்கு மேல் அல்லது அருகில் உள்ள 1 முதல் 3 நிணநீர் முடிச்சுகளில் பரவல்
* ஸ்டேஜ் 3: 4 அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் பரவல் அல்லது முக்கிய ரத்தக்குழாய்களைத் தொட்ட நிலை
* ஸ்டேஜ் 4: கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவல்

ஆபரேஷன் செய்ய முடியுமா?

இதைக் கட்டியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. குடலுக்கு ரத்தம் தரும் பெரிய தமனியைக் கட்டி தொடவே இல்லை என்றால் வாய்ப்பு அதிகம். பாதிச் சுற்றளவு வரை ஒட்டியிருந்தால், முதலில் கீமோ கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் சுற்றிவிட்டால் ஆபரேஷன் கடினம்.

எனவே, டாக்டரிடம் 'எந்த ஸ்டேஜ்?' என்பதோடு, 'ரத்தக்குழாயைத் தொட்டிருக்கா?' என்றும் கேளுங்கள். அடுத்த சிகிச்சை என்ன என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.