விட்டுப்போன திருமறை வாசிப்பு

திருவான்மியூரில் மாலை வேளையில் வீடு சந்திக்கச் செல்லும் போதகர் ஒன்றைக் காண்பார். இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே வீட்டிலிருப்பது அரிதாகிவிட்டது. அருகே தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பறக்கும் ரயில் 2004இல் திருவான்மியூரை எட்டியது. அதன்பின் இப்பகுதியின் பொழுதுகளே மாறிவிட்டன. மகள் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரத்தில் மகன் இரவுப்பணிக்குப் புறப்படுகிறான். இவ்வீடுகளில் திருமறை வாசிப்பு நின்றுபோனதற்கு அவிசுவாசமே காரணம் என்பது நியாயமன்று. குடும்ப ஜெபத்திற்கென்றிருந்த வேளை போயிற்று; அதனோடு வழக்கமும் போயிற்று.

இவர்களுள் பலர் புத்தாண்டுதோறும் மீண்டும் தொடங்குகிறவர்களே. திருமறையில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. ஓராண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்கவேண்டும். ஆதியாகமம் கதைப்போக்கில் எளிதாய்க் கடந்துவிடும். ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்தின் பலிமுறைகள் வந்துவிடுகின்றன. நான்கு நாள் தவறினால் பதின்மூன்று அதிகாரம் பாக்கி. பாக்கி வளர வளர வெட்கமும் வளர்கிறது. பின்பு புத்தகத்தைத் திறக்கவே கை கூசுகிறது. சோம்பலைவிட இவ்வெட்கமே பெரிய தடை என்பது என் கருத்து.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின், 1842இல் தம் சபையாருக்கென ஒரு வாசிப்பு அட்டவணை வகுத்தார். அதன்படி ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். அட்டவணையோடு அதன் அபாயங்களையும் அவர் எழுதிவைத்தார். வாசிப்பு வெறும் சடங்காகலாம், தன்னீதியை வளர்க்கலாம், சிலருக்குச் சுமக்கவொண்ணா நுகமாகலாம். அட்டவணை உலகெங்கும் பரவிற்று. எச்சரிக்கை அவ்வளவாகப் பரவவில்லை.

வேப்பேரியில் 1772இல் பெப்ரிசியுஸ் ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய காலத்தில் வீட்டுக்கொரு பிரதி இல்லை, எழுத்தறிந்தோரும் சிலரே. ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டனர். நெகேமியா 8ஆம் அதிகாரத்திலும் அப்படியே. நியாயப்பிரமாணம் உரக்க வாசிக்கப்பட்டது, பொருள் விளக்கப்பட்டது, ஜனங்கள் அழுதார்கள். எத்தியோப்பிய மந்திரி தனியே வாசித்தார், ஆயினும் விளங்கிக்கொள்ள அவருக்குப் பிலிப்பு தேவைப்பட்டார் (அப். 8). தனித்து வாசிக்கும் பழக்கத்தை நாம் குறைகூறவில்லை. அது ஒன்றே வழியென்று எண்ணியதால்தான், தனிமையில் தவறியவரைத் தாங்க ஆளில்லாமற்போயிற்று.

ஆகவே விட்டவர் முதலில் பாக்கிக் கணக்கைக் கிழித்துப்போடுவாராக. மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒரு பகுதி போதும், வாய்விட்டு வாசிக்கலாம், விளங்காத ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். அதே பகுதியை வாசிக்க இன்னொருவர் இசைவது நலம். கணவனும் மனைவியும் வெவ்வேறு நேரத்தில் பணிசெய்தால், அக்கேள்வியைத் தொலைபேசியில் பகிரத் தடையில்லை. விடியற்காலை பணியிலிருந்து திரும்பும் மகனும், அடுப்படியில் விழித்திருக்கும் தாயும் சந்திக்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, அதுவும் ஒரு வேளைதான்.

இவ்வளவு குறைவாக வாசித்தால் முழுத் திருமறையையும் அறிவதெப்போது என்று உடன்ஊழியர் சிலர் கேட்கின்றனர். கேள்வி சரியானதே. பிறனிடத்தில் அன்புகூரும்படி நம் ஆண்டவர் எடுத்துரைத்த கட்டளை, பலரும் வாசிப்பை நிறுத்திவிடும் அதே லேவியராகமத்தில்தான் (19:18) இருக்கிறது. அந்நூலைச் சபையின் வேதபாட வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே கேள்வி கேட்கவும் விடை சொல்லவும் ஆள் இருப்பார்கள்.