சூரியனையொத்த விண்மீன்களைச் சூழ்ந்த தூசு வட்டுகள்: அகச்சிவப்பு நோக்கீடுகள் காட்டுவனவும் காட்டாதனவும்

ஆய்வுச் சுருக்கம்

சூரியனையொத்த விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசு வட்டுகள் அகச்சிவப்பு நோக்கீடுகளால் அறியப்படும் முறையையும், அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகளின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அகச்சிவப்பு மிகை, தூசு வட்டு, குறுங்கோள், கோள் அமைப்பு.

முன்னுரை

1983ஆம் ஆண்டு விண்ணில் செலுத்தப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள், அளவீட்டுத் தரமாகக் கொள்ளப்பட்ட வேகா விண்மீன் நீண்ட அகச்சிவப்பு அலைநீளங்களில் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக ஒளிர்வதைக் காட்டியது. வேகா சூரியனைவிட வெப்பம் மிக்கது. ஆயினும் 10.5 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள, சூரியனைவிடச் சற்றுக் குளிர்ந்த எப்சிலான் எரிடானியிலும் இத்தகைய மிகை காணப்பட்டது. சூரியனையொத்த விண்மீன்கள் பற்றிய வினா இங்குத் தொடங்குகிறது.

1. அகச்சிவப்பு மிகை

பொருளின் வெப்பநிலை குறையக் குறைய, அதன் கதிர்வீச்சு உச்சம் நீண்ட அலைநீளத்திற்கு நகரும். ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலையுடைய சூரியனின் உச்சம் 0.5 மைக்ரோமீட்டர், 50 கெல்வின் தூசின் உச்சம் 60 மைக்ரோமீட்டரை ஒட்டியது. ஆகவே கண்ணுறு ஒளியில் விண்மீனின் பேரொளியில் மறையும் தூசு, தொலை அகச்சிவப்பில் வெளிப்படுகிறது. நோக்கப்பட்ட ஒளியளவிலிருந்து விண்மீனுக்குக் கணிக்கப்பட்ட அளவைக் கழிக்க எஞ்சுவதே அகச்சிவப்பு மிகையாகும்.

2. தூசின் தோற்றம்

நுண்துகள்களை ஒளியழுத்தம் வெளியே தள்ளுகிறது. சற்றுப் பெரியவை பாயின்டிங்-ராபர்ட்சன் இழுவையால் சுருள்பாதையில் விண்மீனை நோக்கி வீழ்கின்றன. இத்துகள்களின் வாழ்நாள் விண்மீனின் அகவையைவிட மிகக் குறைவு. எனவே இன்று காணப்படும் தூசு பிறப்புக்கால எச்சம் அன்று. குறுங்கோள்களும் வால்மீன்களும் மோதி உடைவதால் தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது.

3. நோக்கீட்டு முடிவுகள்

2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர், 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் ஆகிய விண்தொலைநோக்கிகள் இவ்வாய்வை விரிவாக்கின. ஹெர்ஷல் ஆய்வில், அண்மையிலுள்ள சூரியனையொத்த விண்மீன்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் குளிர்ந்த தூசு கண்டறியப்பட்டது. எச்.டி. 69830 விண்மீனிலோ வெப்பத் தூசு மட்டுமே புலப்பட்டது; அதனைச் சுற்றும் மூன்று கோள்கள் 2006இல் அறிவிக்கப்பட்டன. டி.ஒய்.சி. 8241 2652 1 என்னும் இளம் விண்மீனில் 1983 முதல் 2008 வரை வலுவாக இருந்த மிகை, 2010க்குள் பெரும்பாலும் மறைந்தது. இதன் காரணம் உறுதிப்படவில்லை.

4. விளக்கத்தின் எல்லைகள்

மிகை தரும் முதன்மைச் செய்தி வெப்பநிலையே, தொலைவு அன்று. நுண்துகள்கள் தாம் ஏற்கும் வெப்பத்தை நீண்ட அலைநீளத்தில் திறம்பட உமிழ இயலாமையால், அதே தொலைவிலுள்ள பெருந்துகள்களைவிட வெப்பமாக இருக்கும். எனவே ஒரே வெப்பநிலை, அருகிலுள்ள பெருந்துகளையும் தொலைவிலுள்ள நுண்துகளையும் குறிக்கலாம். இவ்வையத்தை நீக்க வட்டின் உருவப்படம் தேவை. எப்சிலான் எரிடானியின் வளையம் 850 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் படமாகி, 1998இல் வெளியிடப்பட்டது.

மேலும், சூரியக் குடும்பத் தூசு சூரிய ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கையே மீள உமிழ்கிறது. ஸ்பிட்சர் பொதுவாக இலட்சத்தில் ஒரு பங்களவையும், ஹெர்ஷல் சாதகமான நிலையில் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவையுமே உணர வல்லவை.

முடிவுரை

மிகை இருப்பது மோதல் நிகழ்வதற்குச் சான்று. மிகை காணப்படாமை குறுங்கோள்கள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அண்டை விண்மீனிலிருந்து இதே கருவிகளால் நோக்கினால், எட்டுக் கோள்களும் கைப்பர் பட்டையும் உடைய சூரியனும் தூசற்ற விண்மீன்களின் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருக்கும்.