மின்னஞ்சல் சென்று சேருமிடம்

ஏலமலைச் சரிவுகளில் வேலை செய்வோருக்குக் கடிதம் எழுதுவோர், தோட்டத்து முகவரியை எழுதுவதா, போடிநாயக்கனூர் வீட்டு முகவரியை எழுதுவதா என்று எண்ணிப் பார்த்தே எழுதுவர். ஆள் மலையிறங்கிவிட்டால் கடிதம் தோட்டத்திலேயே கிடந்துவிடும். பல்கலைக்கழக மின்னஞ்சலிலும் இன்று அதே வினா எழுகின்றது.

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் ஒரு குறியால் இணைத்து மின்னஞ்சல் முகவரிக்கு வடிவம் தந்தார். குறிக்கு முன்னிருப்பது ஆள். பின்னிருப்பது அஞ்சலகம் எனலாம்.

பல்கலைக்கழக முகவரிக்கு வரும் அஞ்சலை அங்கேயே திறந்து படிக்கலாம். நிறுவனம் இசைந்தால் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடலாம். அல்லது ஒரு படியை அங்கே நிறுத்தி, மற்றொன்றைத் திருப்பிவிடலாம்.

திருப்பிவிடுதல் எளிது, ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. அனுப்பியவரின் பெயரால் அஞ்சல் விடுக்க அக்கணினிக்கு உரிமை உண்டா எனப் பெறும் நிறுவனம் ஆராய்கின்றது. இடையில் நின்று திருப்பிவிட்ட கணினி உரிமைப் பட்டியலில் இராது. ஆகவே, உண்மையான தேர்வு அறிவிப்பும் குப்பை அஞ்சல்களோடு ஒதுக்கப்படக்கூடும்.

பல்கலைக்கழகப் பெட்டியை மட்டுமே நம்புவதும் முழுப் பாதுகாப்பன்று. படிப்பு முடிந்தபின் பல நிறுவனங்கள் கணக்கை மூடிவிடுகின்றன. சொந்தக் கணக்கும் நிலையானதன்று; இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியது.

இவற்றினும் பெரிய இழப்பை நாம் கண்டிருக்கின்றோம். விடியுமுன் ஜீப்பேறித் தோட்டத்துக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள், பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்புகின்றனர். சொந்த முகவரி இல்லாததால் கடைக்காரரின் முகவரியே பதிவாகின்றது. சேர்க்கை ஆணையும் உதவித்தொகை அறிவிப்பும் அங்கே போய்ச் சேர, உரியவர் அறியுமுன் நாள் கடந்துவிடுகின்றது. கடைக்காரர் மீது குற்றமில்லை. நாள்தோறும் நூறு அஞ்சல் வரும் பெட்டியில் அவர் யாருடையதைத் தேடுவார்?

ஆகவே மாணவர்கள் செய்யத்தக்கவை இவை: விண்ணப்பிக்குமுன் சொந்த முகவரி ஒன்றை அமைத்துக்கொள்ளுதல், கடவுச்சொல்லைத் தாமே காத்தல், அஞ்சலைத் திருப்பிவிட்டாலும் மூலப்படியைப் பல்கலைக்கழகப் பெட்டியில் நிறுத்துதல், குப்பைப் பகுதியையும் வாரந்தோறும் பார்த்தல், படிப்பு முடியுமுன் வேண்டியவற்றைப் படியெடுத்தல். கைப்பேசிக்கு அலைவரிசை எட்டாத சரிவுகளில் வாழ்வோர், போடிக்கு இறங்கும் நாளிலேனும் பெட்டியைத் திறப்பது கடமையாகும்.

பிறர் கடிதம் அமானிதம் என்பர் நம் பெரியோர். தமக்கு வரும் கடிதமும் தம் எதிர்காலத்தின் அமானிதமே என்பதை மாணவச் செல்வங்கள் உணர்வார்களாக!