முன்பனியும் மீனின் பொழுதும்

மார்கழி விடியலில் பழனிமலையின் மன்னவனூர்ப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அதன் நடுவே ஏரி மட்டும் உறையாமல் ஆவி எழுப்பிக்கொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைத் தொலைவு. வெப்பநாட்டு ஞாயிறும் மலைக்குளிரும் ஒரே நாளில் ஆளும் இடம் இது. சமவெளிக் குளத்தில் விடியலிலும் அந்தியிலும் தூண்டில் போட்டுப் பழகியவர் அப்பழக்கத்தை இத்தகைய மலை ஏரிக்கு ஏற்றிவந்தால், நெடும்பொழுது அசையாத தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீன் இருக்கும், ஆனால் அது இரை தேடும் பொழுது வேறு.

முகிலற்ற முன்பனி இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் வழிந்து, பள்ளத்தில் தேங்குகிறது. புல் விரைவில் உறைநிலையை எட்டிவிடும். நீரோ வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. ஒரு கன மீட்டர் நீர் ஒரு பாகை குளிரும்போது வெளிவிடும் வெப்பம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க வல்லது. ஏரியின் மேல் எழும் ஆவி இவ்வெப்பத்தின் ஒரு பகுதியைச் சுமந்தே செல்கிறது. மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்க, அடியிலுள்ள மிதமான நீர் மேலேறுகிறது. ஆழம் குன்றிய கரையோர நீர்தான் முதலில் குளிர்ந்து, ஏரித்தரையின் சரிவு வழியே நடு ஆழத்துக்கு ஒழுகுகிறது. ஆகவே விடியற்காலையில் ஏரியின் மிகக் குளிர்ந்த இடம் நாம் நிற்கும் கரையோரமே.

மன்னவனூரில் 1965 முதல் நடுவண் அரசின் செம்மறியாட்டு ஆய்வு மையம் இயங்கிவருகிறது. அங்குள்ள ஆடு தன் வெம்மையைத் தானே ஆக்கிக் கம்பளிக்குள் காத்துக்கொள்கிறது. மீனுக்கு அந்தப் பேறு இல்லை. சூழ்ந்த நீரின் வெப்பமே அதன் குருதியின் வெப்பம். நீர் 10 பாகை குளிர்ந்தால் அதன் உடலியக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். உண்டது செரிக்க நெடும்பொழுது ஆகும். இரையைத் துரத்தும் விசையும் தளரும். குளிர்ந்த மீன் சோம்பிக் கிடப்பதாகச் சொல்வது அதற்கு இழைக்கும் அநீதி. அது தன் ஆற்றலைக் கணக்கிட்டுச் செலவிடுகிறது.

அமெரிக்காவின் புளோரிடாவில் இக்கணக்கு ஒரு தொழிலையே வளர்த்திருக்கிறது. அங்குள்ள ஒகீச்சோபி ஏரி ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சராசரி ஆழமோ 3 மீட்டருக்கும் குறைவு. ‘பாசு’ எனப்படும் பெருவாய் மீன் அங்கே குளிர்காலத்தில் முட்டையிடக் கரையோரம் வருகிறது. அதன் இடமறிந்த வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டு மக்கள் படகேறுகின்றனர். குளிரலை ஒன்று வந்து போனபின் மீன் மீண்டும் கரை சேரச் சில நாள் ஆகும் என்பது அவர்கள் பட்டறிவு. அங்கே நாள் கணக்கில் நிகழும் இவ்வேற்ற இறக்கம் பழனிமலையில் நாழிகைக் கணக்கில் நிகழ்கிறது.

உயிர்வளியின் கணக்கும் வியப்பூட்டுவது. கடலோரத்தில் 20 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது 7-க்குச் சற்று மேல் நின்றுவிடும். அந்நீர் 10 பாகைக்குக் குளிர்ந்தால் மீண்டும் 9-ஐ நெருங்கும். உயரம் பறித்ததைக் குளிர் திருப்பித் தருகிறது.

நம் மலை ஏரிகளின் மீன்களில் பல வந்தேறிகள். 1939-இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை உதகை ஏரிக்கு வந்தது. அதற்கு முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச்.சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் வானவில் டிரவுட்டு மீனை நிலைபெறச் செய்தார். பாசு மீனையும் இங்குக் கொண்டுவரலாமே என்று எண்ணுவோர் சப்பானைப் பார்க்க வேண்டும். 1925-இல் ஆசிநோகோ ஏரியில் விடப்பட்ட அம்மீன் பின்னர் நாடெங்கும் பரவியது; பீவா ஏரியில் மண்ணின் மீன்களை விழுங்கித் தீர்த்தது. 2005-இல் அதை வளர்க்கவும் விடவும் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டியதாயிற்று. அப்பெருவாய் இம்மலையில் திறக்கவே வேண்டாம்.

இருக்கும் கெண்டையை அறிவதற்கே ஒரு வாழ்நாள் போதாது. மீன்பிடிக்க இசைவுள்ள மலை ஏரியில் தேர்ந்த பரிசல்காரர் ஒருவர் வழிகாட்டினால், காலையில் அவர் அவசரப்பட மாட்டார். மார்கழி ஞாயிறு உச்சிப்பொழுதிலும் தென்வானில் சாய்ந்தே நிற்கும். ஆகையால் தெற்கு நோக்கிய வடகரைச் சரிவு கூடுதல் வெயில் பெறும். வாடைக்காற்றுக்கும் அது மறைவு. மென்காற்று வீசும் நாளில் மட்டும், மேற்பரப்பின் இளஞ்சூட்டு நீர் எதிர்க்கரைக்குத் தள்ளப்பட்டிருக்கும். இரண்டில் எது என்பதை நீரில் கை நனைத்தே முடிவுசெய்வார். உச்சி சாய்ந்தபின், சேற்றுத்தரையில் வெயில் இறங்கிய ஓர் ஆழமற்ற மூலையில், கெண்டை மண் கிளறுவதால் நீர் மெல்லக் கலங்கத் தொடங்கும். அப்போது அவர் துடுப்பை நிறுத்துவார்.