உங்களுக்குத் தெரியுமா? அணைக்காகத் தகர்க்கப்பட்ட காட்டெருமைப் பாறை

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணப் புல்வெளியில், படுத்துறங்கும் காட்டெருமையின் வடிவில் ஒரு பாறை கிடந்தது. பெயர் மிஸ்டாசெனி, எடை சுமார் 400 டன். பனியுகத்தில் நகர்ந்துவந்த பனிப்பாளம் தன்னோடு சுமந்துவந்து, உருகியபோது விட்டுச்சென்ற கல் அது. கிரீ, அசினிபோயின் பழங்குடியினருக்கு அதுவே புனிதத் தலம். அங்கே கூடினார்கள், காணிக்கை வைத்தார்கள்.

தெற்கு சஸ்காட்செவன் ஆற்றில் அணை எழுந்தபோது, தேங்கும் நீரில் பாறை மூழ்கும் நிலை வந்தது. வேறிடத்துக்கு மாற்றப் பலர் போராடியும் பணம் திரளவில்லை. 1966-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எத்தனை தலைமுறைகள் வணங்கிய கல்!

சில துண்டுகள் எல்போ என்ற ஊரில் நினைவுச்சின்னமாக இருக்கின்றன. மிச்சத்தை 2014-இல், அந்த அணையால் உருவான டீஃபன்பேக்கர் ஏரியின் அடியில் ஒரு முக்குளிப்பாளர் கண்டுபிடித்தார்.