தகர டின்கள் கூறும் காலக்கணக்கு

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பழைய லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கால் பரணிலிருந்து இறங்கும் பொருள்களுள் தகர டின்களே மிகுதி. பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இருக்கும். பால் டின்னில் பொத்தானும் ஊசியும் கிடக்கும். "தாத்தா ரஜூலா கப்பலில் வந்தபோது கொண்டுவந்த டின்" என்று வீட்டார் கூறுவர். பழம்பொருள் வாங்க வருபவரோ, "இது நேற்றைய சரக்கு" என்று கூறி, இரண்டு வெள்ளி கொடுத்து எடுத்துச் செல்வார். முன்னவர் கூற்று பாசத்தால் வந்தது. பின்னவர் கூற்று ஆதாயம் கருதியது. உண்மையை அறிய விழைவோர் டின்னின் மேல் அச்சாகியுள்ள எழுத்துகளையே முதற்சாட்சியாகக் கொள்ளல் வேண்டும்.

மேலுறையைக் கொண்டு பொருளின் வயதைக் கணிக்கும் கலையை மேனாட்டில் பொம்மை ரயில் சேகரிப்போர் நன்கு வளர்த்துள்ளனர். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1920இல் ஹார்ன்பி ரயில்களைச் செய்யத் தொடங்கியது. 1938இல் 'டப்ளோ' என்னும் சிறிய வகையைக் கொணர்ந்தது. 1964இல் அந்நிறுவனம் லைன்ஸ் சகோதரர்கள் கைக்கு மாறவே, மறு ஆண்டு முதல் அட்டைப்பெட்டியில் 'ட்ரையாங் ஹார்ன்பி' என்னும் கூட்டுப்பெயர் தோன்றியது. ஆகவே பெட்டியின் பெயரைப் படித்த மாத்திரத்திலேயே காலத்தின் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. ஜப்பானியத் தகர ரயில்களில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பின், அவை போருக்குப் பின் அந்நாடு அன்னியப் படையின் ஆட்சியில் இருந்த காலத்தவை. அவ்வாட்சி 1952 ஏப்ரலில் முடிவுற்றது. லயத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய பொம்மைகள் எட்டாக்கனி. ஆயினும் அதே முறை நம் பால் டின்னுக்கும் பொருந்தும்.

நமக்கு வாய்த்த பெரும் வசதி யாதெனில், நாம் வாழும் நாட்டின் பெயரே பன்முறை மாறியிருப்பதுதான். நெகிரி செம்பிலான், பேராக், சிலாங்கூர், பகாங் என்னும் நான்கும் 1896 முதல் 'கூட்டு மலாய் மாநிலங்கள்' எனப்பட்டன. ஆங்கிலச் சுருக்கம் எப்.எம்.எஸ். என்பது. 'சிரம்பான், எப்.எம்.எஸ்.' என்று கடை முகவரி அச்சிட்ட சிப்பம் ஒன்று கிடைக்குமாயின், அது பெரும்பாலும் 1942இல் ஜப்பானியர் ஆட்சி ஏற்படுவதற்கு முந்தியது. 1946இல் மலாயன் யூனியன். 1948இல் மலாயாக் கூட்டரசு. 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா. இவற்றுள் மிகக் குறுகிய சாளரம் ஒன்றுண்டு. சிங்கப்பூர் மலேசியாவின் அங்கமாக இருந்தது 1965 ஆகஸ்டு 9 வரையில்தான். ஆதலால் 'சிங்கப்பூர், மலேசியா' என்று முகவரி தாங்கிய தைலப் புட்டியோ பிஸ்கட் டின்னோ அகப்பட்டால், ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளுக்குள் அதன் பிறப்பை அடக்கிவிடலாம். கல்வெட்டு ஆராய்ச்சியாளருக்குக்கூட இத்தகைய நற்பேறு எளிதில் வாய்ப்பதில்லை!

அடுத்துக் காணவேண்டியது மலாய் எழுத்துக்கூட்டு. வணிகச் சின்னத்தைக் குறிக்கும் 'சாப்' என்னும் மலாய்ச் சொல்லை முன்பு சி, எச், ஏ, பி என நான்கு எழுத்தால் எழுதினர். 1972 ஆகஸ்டில் புதிய எழுத்துமுறை வந்தபின் எச் மறைந்து மூன்றெழுத்தாயிற்று. தலையில் குடம் சுமந்த பெண்ணின் படம் போட்ட பாலை நம்மவர் 'சாப் ஜுன்ஜோங்' பால் என்று கேட்டு வாங்கியது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த டின்னில் எச் உண்டா இல்லையா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. அப்பாலை விற்ற நெஸ்லே நிறுவனத்தின் வரலாறும் நமக்குத் துணை செய்யும். 1912இல் பினாங்கில் ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனமாகத் தொடங்கி, 1939இல் கோலாலம்பூருக்கு மாறி, 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் அது தன் முதல் ஆலையை இந்நாட்டில் நிறுவியது. பெட்டாலிங் ஜெயாவில் செய்ததாகக் கூறும் அந்நிறுவனத்து டின் 1962க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது.

நிறையும் விலையும் அடுத்த சான்றுகள். நிறுத்தல் அளத்தல் சட்டம் 1972இல் இயற்றப்பட்ட பின்னர் அவுன்சும் இறாத்தலும் படிப்படியாக விடைபெற்றன. கெட்டிப்பால் டின் 14 அவுன்சு கொண்டது. அதனைக் கிராமில் மாற்றினால் 397 வரும். எந்த ஆலையும் தானாக விரும்பி 397 என்னும் கோணல் எண்ணைத் தேர்ந்திராது. பழைய அச்சு டின்னைப் புதிய கணக்கில் எழுதியதன் அடையாளம் அது. வெள்ளியை எம் எழுத்தும் டாலர் குறியும் சேர்த்து எழுதியிருந்தால் 1967க்குப் பிற்பட்டது. ஆர்.எம். என்றிருந்தால் 1990ஆம் ஆண்டுகளுக்கு வந்துவிட்டோம் என்று பொருள். கருங்கோடுகளின் கீழ் 955 என்று தொடங்கும் எண் வரிசை இருப்பின் ஐயமே வேண்டா. பழைய படத்தை மீண்டும் அச்சிட்டு இக்காலத்தில் விற்கும் டின்களை அந்தக் கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழகத்திலிருந்து வந்த பொருள்களுக்குக் கணக்கு வேறு. அணாவில் விலை குறித்திருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாகலாம்; நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. சென்னை முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருப்பின் 1972க்குப் பிந்தியது. தமிழ் எழுத்தையும் உற்று நோக்குக. 'லை', 'னை' முதலியவற்றின் தும்பிக்கை வடிவத்தை நீக்கித் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையிட்டது. புதிய வடிவம் காணப்படும் டின் பழமையானது எனல் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் பழைய வடிவம் இருப்பதாலேயே 1978க்கு முந்தியது என முடிவு கட்டிவிடலாகாது. ஆணைக்குப் பின்னும் அச்சகங்களில் பழைய எழுத்து உடனே மறைந்துவிடவில்லை.

இங்குதான் பலர் இடறுகின்றனர். புதிய குறி உறுதியான சான்று. பழைய குறி உறுதியற்ற சான்று. 'மலேசியா' என்னும் பெயரை 1950இல் எவரும் டின்னில் அச்சிட்டிருக்க முடியாது. ஆனால் 'மலாயா' என்று அச்சிட்டுக் கிடங்கில் குவித்த மேலுறைகளை 1964இலும் ஒட்டி விற்றிருக்கலாம். எந்த முதலாளி அச்சுக்கூலியைக் குப்பையில் கொட்டுவார்? ஆதலின் ஒரு டின்னில் உள்ள குறிகள் எல்லாவற்றிலும் மிகப் புதியதையே தேடிப் பிடித்தல் வேண்டும். ஏனையவை அதற்குத் துணைநிற்பவை.

ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்தும் கொண்ட டின் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். நாட்டின் பெயர் மலேசியா, 'சாப்' என்பதில் எச் உண்டு, நிறை அவுன்சில். மிகப் புதிய குறி நாட்டின் பெயரே. எனவே 1963க்கு முன்னில்லை. எச்சும் அவுன்சும் சேர்ந்து, 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியைத் தாண்டியிருக்காது என்று கூறுகின்றன. இதனை 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் முதற் பயணத்தோடு இணைக்க எண்ணும் பேரனுக்கு ஏமாற்றமே. எனினும் டின்னுக்குள் இருக்கும் கடிதம் அதனினும் நாற்பது ஆண்டு மூத்ததாக இருக்கலாம். பழைய பெட்டி துருப்பிடித்தபோது பாட்டி புதிய டின்னுக்கு மாற்றி வைத்திருப்பார். டின்னின் வயது உள்ளிருப்பதன் வயதாகாது. பத்திரங்களின் தேதியைப் பத்திரங்களிலேயே காண்க. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு டின்னைவிட உள்ளே மடிந்து கிடக்கும் தாளே பெரிது.

துருவைக் கொண்டு வயதைச் சொல்லுதல் வீண். ஆற்றங்கரை லயத்தில் ஐந்தாண்டு கிடந்த டின், மேட்டு லயத்து அலமாரியில் ஐம்பதாண்டு இருந்ததைவிடக் கிழடாகத் தோன்றும். ஒன்று மட்டும் செய்யற்க: சாம்பலோ புளியோ இட்டுத் தேய்க்கற்க. பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, அடிப்பக்கத்தையும் மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்துக்கொண்டு, எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வீடு என்பதைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுக.